‘தஜம்மு’ என்றால் என்ன, தமிழில் எப்படி எழுதுவது?

லெபனானில் வாழும் பாலத்தீன அகதிகள் என்றதும் ஷத்தீலா, ஐன் அல்-ஹில்வே என்று முகாம்களின் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் 2017-இல் லெபனானும் பாலத்தீனப் புள்ளியியல் துறையும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் பதிவான 1,74,422 பேரில் ஏறக்குறைய 55 சதவீதத்தினர் அங்குள்ள 12 முகாம்களுக்கும் வெளியே இருந்தார்கள். அவர்கள் வாழும் இடத்துக்கு அரபியில் தஜம்மு என்று பெயர், பன்மையில் தஜம்முஆத்.

இதன் வேர் ஜ-ம-அ, அதாவது சேர்தல், ஒன்றுகூடுதல். ஜமாஅத், ஜும்ஆ எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவைதான், தாலுகா அலுவலகத்தில் வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியில் இருக்கும் ‘ஜமா’ உட்பட. தஜம்மு என்றால் மக்கள் தாமாக வந்து சேர்ந்த இடம். யாரும் ஒதுக்கித் தந்ததல்ல.

‘முகாம்’ கதை வேறு. முகாமுக்கு அரபியில் முகய்யம் என்பார்கள், கூடாரத்தைக் குறிக்கும் கைமாவிலிருந்து பிறந்த சொல் அது. நாம் புழங்கும் முகாம், தங்குமிடம் என்ற பொருளுள்ள மகாம் என்ற இன்னொரு அரபிச் சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ஒலி ஒத்துப்போகிறதே தவிர இரண்டும் ஒன்றில்லை.

சரி, முகாமுக்கும் தஜம்முவுக்கும் என்ன வித்தியாசம்? அகதிகளைக் குடியமர்த்த அந்தந்த நாட்டு அரசு ஒதுக்கி, பாலத்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பான உன்ர்வாவின் பயன்பாட்டுக்கு விட்ட நிலம்தான் அதிகாரபூர்வ முகாம். ஜோர்தான், லெபனான், சிரியா, மேற்குக் கரை, காஸா எல்லாம் சேர்த்து இப்படி 58 உண்டு. உன்ர்வாவின் பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் பதிவுள்ள அகதி முகாமுக்கு வெளியே குடியிருந்தாலும் அவருக்கு உண்டு. ஆனால் குப்பை அள்ளுவது, சாக்கடை போடுவது, இடிந்த வீட்டைச் சீரமைப்பது போன்றவை முகாம் எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எல்லைக்கு வெளியே நகராட்சிதானே பார்க்க வேண்டும் என்று போனால், அனுமதியில்லாத நிலத்தில் கட்டிய வீடுகள், வரி கட்டாதவர்கள், எங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் கைவிரித்த பிறகு சனங்களே காசு போட்டுக் குழாய் இழுக்கிறார்கள், அல்லது ஏதாவது தொண்டு நிறுவனம் வருமா என்று காத்திருக்கிறார்கள்.

லெபனானின் தெற்கே சூர் (டயர்) நகரத்தின் வாசலில் ஜல் அல்-பஹ்ர் என்று ஒரு தஜம்மு இருக்கிறது. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் கடல், நடுவில் இருக்கிற ஒடுங்கிய துண்டு நிலத்தில் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். மாரிக்காலத்தில் அலை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். உப்புக்காற்றில் தகரம் அரித்துப்போகும், மாற்றலாம் என்றால் கட்டுமானப் பொருளைக் கொண்டுவரவே அனுமதி வாங்கித் திரிய வேண்டும். அப்படியே போராடி மாற்றினாலும் அந்த வீடு சட்டப்படி அவர்கள் பெயரில் இருக்காது. அங்கீகரிக்கப்பட்ட ஒரு நாட்டின் குடியுரிமை இல்லாதவர் லெபனானில் நிலமோ வீடோ வாங்க முடியாது என்று 2001-இல் சட்டம் திருத்தப்பட்டது, அது போய் விழுந்தது பாலத்தீனர்கள் தலையில்தான். தகப்பன் கட்டிய கூரையைப் பிள்ளை பேருக்கு எழுதிவைக்க வழியில்லை.

பெய்ரூட்டில் இருப்பது இன்னொரு வகை. அங்கே சப்ரா பகுதியில் முன்பு ‘காஸா மருத்துவமனை’ என்ற பெயரில் இருந்த கட்டடத்தில், எண்பதுகளில் லெபனானின் அமல் படையினர் பாலத்தீன முகாம்களை முற்றுகையிட்ட ‘முகாம் சண்டை’யில் வீடிழந்தவர்கள் வந்து தங்கினார்கள். நோயாளிகளுக்காகக் கட்டிய அறைகள் குடும்பங்களின் வீடாகி, தற்காலிகம் என்று வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தார்கள். 2011-க்குப் பிறகு சிரியாவிலிருந்து இரண்டாம் முறை அகதியாகி வந்த பாலத்தீனர்கள் பலரும் இதுபோன்ற தஜம்முக்களில்தான் வாடகைக்கு ஒண்டினார்கள். ஏற்கெனவே போதாத தண்ணீரும் மின்சாரமும் இன்னும் பல குடும்பங்களுக்குப் பங்கானது.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘கூட்டம்’ என்று நேராக மொழிபெயர்த்தால் பொதுக்கூட்டமா என்று கேட்பார்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவே ஒப்பாது, ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்களைக் குற்றவாளி ஆக்குகிற சொல் அது. இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து, முகாமில் சேராமல் காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்களை ‘வெளிப்பதிவு’ என்று சொல்வதுண்டு. நல்ல சொல்தான், ஆனால் அது ஆளைக் குறிக்கிறது, இடத்தைக் குறிக்கவில்லை. நமக்கு வேண்டியது இடத்தின் பெயர். ‘முறைசாராக் குடியிருப்பு’ பரவாயில்லை என்றாலும், நகரத்தின் எந்தக் குடிசைப்பகுதிக்கும் அது பொருந்திவிடும், அகதி என்பதே காணாமல் போய்விடும்.

என் தேர்வு ‘முகாம்சாரா அகதிக் குடியிருப்பு’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறதோ அதை, அதாவது முகாம் என்ற பட்டியலில் இல்லாமல் போனதை, அது சொல்லிவிடுகிறது. கட்டுரையில் முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் ‘தஜம்மு’ என்றே தொடரலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முகாமின் எல்லைக் கோட்டைத் தாண்டி, அதே முகாமோடு ஒட்டி வளர்ந்த தெருக்களைத் தனியாக ‘முகாமையொட்டிய பகுதி’ என்று எழுதுங்கள். லெபனானின் வடக்கே நஹ்ர் அல்-பாரித் முகாம், 2007-இல் லெபனான் ராணுவத்துக்கும் ஃபதஹ் அல்-இஸ்லாம் என்ற ஆயுதக் குழுவுக்கும் நடந்த சண்டையில் அழிந்தபோது பழைய முகாமும் அதை ஒட்டி வளர்ந்த ‘புது முகாமும்’ சேர்ந்தேதான் நொறுங்கின. ஆனால் புது முகாம் அதிகாரபூர்வ எல்லைக்குள் வராது. மறுகட்டுமானப் பேச்சில் இரண்டும் தனித்தனியாகத்தான் வந்தன.