பரிசோதனைப் படம்: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம்?

"நம்ம பொறுமையைச் சோதிக்கப் போறோம்னு பேர்லயே சொல்லிட்டீங்களே தம்பி" என்றார் எங்கள் தெருத் தையல்கடை அண்ணன். போன மாதம் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் 'லா ஜெத்தே' போட்டோம். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ் மார்க்கர் 1962-இல் தந்த குறும்படம், 28 நிமிடம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பில் 'பரிசோதனைப் படம்' என்று எழுதியது நான்தான். அந்த ஒரு சொல் படத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டு எல்லார் மனதையும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது என்று படம் முடிந்து பேசும்போதுதான் தெரிந்தது.

படம் முழுக்க அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துபோய், மிஞ்சியவர்கள் நிலத்தடியில் வாழ்கிறார்கள். சிறுவயதில் ஓர்லி விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை மறக்கவே முடியாத ஒரு கைதியைப் பிடித்து, கடந்த காலத்துக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். கதையை ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். அதை நான் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று வாசித்தேன்.

முடிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். "இது படமா, கல்யாண ஆல்பமா?" என்றார் ஒருவர். "நல்ல முயற்சி" என்றார் இன்னொருவர், தோற்றுப்போன பையனின் முதுகில் தட்டுகிற குரலில். கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், "புரியல, ஆனா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு" என்றான். பெரியம்மா மட்டும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சா பாரு, எனக்கு நெஞ்சு பக்குனு ஆயிருச்சு" என்றார். அத்தனை நிழற்படங்களுக்கும் நடுவே படுக்கையில் கிடக்கும் அந்தப் பெண் கண் திறந்து இமைக்கிற சில நொடிகள் மட்டும்தான் நிஜமாகவே அசைகின்றன. படம் எதற்காக அப்படிச் செய்யப்பட்டதோ அதை அவர் அப்படியே பிடித்துவிட்டார். அவருக்கு வாட்ஸ்அப் கிடையாது, அழைப்பைப் படிக்கவும் இல்லை.

அன்றிலிருந்து இந்தச் சொல்லைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கமான பாணியை விட்டுப் புது விதமாக எடுக்கும் இந்த வகைப் படங்களுக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்பெரிமெண்டல் ஃபிலிம் என்று பேர். அடியில் இருப்பது எக்ஸ்பெரிரி என்ற லத்தீன் வினை, 'செய்து பார்' என்று பொருள். அனுபவத்தைக் குறிக்கும் எக்ஸ்பீரியன்ஸும் அதே வேரில் பிறந்ததுதான், பிரெஞ்சில் இன்றும் அனுபவத்துக்கும் ஆய்வுக்கூடச் சோதனைக்கும் எக்ஸ்பெரியான்ஸ் என்ற ஒரே சொல். கலைக்குள் இது அறிவியலின் வாசல் வழியாக வந்தது. மருத்துவ அறிஞர் க்ளோத் பெர்னார் 1865-இல் சோதனை மருத்துவம் பற்றி எழுதிய நூலை முன்மாதிரியாக வைத்து, பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா 1880-இல் 'சோதனை நாவல்' என்று ஒரு கட்டுரைத் தொகுப்பே வெளியிட்டார். பிறகு சினிமாவும் அந்தப் பேரை எடுத்துக்கொண்டது. 1949-இல் பெல்ஜியத்தின் கடற்கரை ஊரான க்னோக்கேயில் இந்த வகைப் படங்களுக்கென்றே ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். சோதனை வடசொல்லான சோதனா, அதன் முதற்பொருள் தூய்மையாக்குதல். சுத்தம் என்பதும் அந்த வேர்தான். 'பரி' என்ற முன்னொட்டு சுற்றும் முற்றும், முழுவதுமாக என்ற அழுத்தம் தருகிறது. கசடு நீக்குவது என்ற பொருள் நாளாக நாளாகத் தமிழில் எங்கெங்கே போய் நின்றிருக்கிறது என்று பாருங்கள்: ரத்தப் பரிசோதனை, வருமான வரிச் சோதனை, சோதனைச்சாவடி. யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வே 'சோதினை'. வேதாகமத் தமிழில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று தினமும் ஜெபிக்கிறார்கள். வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கஷ்டம் வந்தால் "என்னடா இது சோதனை" என்கிறோம். இத்தனை இடத்திலும் சோதிப்பவர் ஒருவர், சோதிக்கப்படுபவர் வேறொருவர், சோதிக்கப்படுபவருக்கு அதில் சந்தோஷமே கிடையாது.

ஆகவே 'பரிசோதனைப் படம்' என்று கேட்டதும் அண்ணனுக்கு அப்படித் தோன்றியதில் அவர் தப்பு எதுவுமில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். மூலச் சொல்லில் செய்து பார்ப்பவர் கலைஞர், செய்து பார்க்கப்படுவது படச்சுருளும் ஒளியும் காலமும். தமிழுக்கு வரும்போது அந்த இடம் மாறி, சோதிக்கப்படுபவராகப் பார்வையாளர் போய் உட்கார்ந்துவிடுகிறார். 'லா ஜெத்தே' கதைக்குள் அந்தக் கைதிக்கு நிலத்தடியில் நடப்பது சோதனைதான், வதை என்றே சொல்லலாம். அந்தச் சொல் கதைக்குள் இருக்கட்டும், மாடியில் பாயில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் மேல் அதை ஏன் ஏற்ற வேண்டும்?

மாற்றுச் சொல் தேடினால் 'முயற்சி' முதலில் கைக்கு வரும். அது நம் பார்வையாளர் வாயில் ஆறுதல் பரிசாகத் தேய்ந்துபோய்விட்டது. 'வெள்ளோட்டம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்களே, அது. ஆனால் வெள்ளோட்டத்துக்குப் பின்னால் உண்மையான தேரோட்டம் ஒன்று காத்திருக்கிறது. இந்தப் படங்கள் எதற்கும் ஒத்திகை இல்லை, அவையே தேரோட்டம். பிரெஞ்சின் அவாங் கார்ட் என்பதையும் சிலர் பயன்படுத்துகிறார்கள், அது படையின் முன்னணியைக் குறிக்கும் போர்ச் சொல். நம்மிடமும் அதற்குத் தூசிப்படை, கொடிப்படை என்று பழைய சொற்கள் உண்டு. அழகான சொற்கள்தான், ஆனால் விட்டில் இறகுகளை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் படைவீரராக்க எனக்கு மனம் வரவில்லை.

விட்டில் இறகு என்றதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஸ்டான் ப்ராக்கேஜ் 1963-இல் 'மாத்லைட்' என்ற படத்தைக் கேமரா இல்லாமலே செய்தார். விளக்கில் மோதிச் செத்த பூச்சிகளின் இறகுகள், புல், பூவிதழ்கள், இவற்றைப் படச்சுருள் ஒட்டப் பயன்படும், ஒளி ஊடுருவும் இரண்டு நாடாக்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அவ்வளவுதான் படம், ஓடுவது சில நிமிடம், ஒலியே கிடையாது. திரையில் இறகின் நரம்பு நொடிக்கு இருபத்து நான்காகப் படபடத்துப் போகும்போது செத்த பூச்சி மறுபடி பறப்பது போலவே இருக்கும். இதில் யாரும் யாரையும் சோதிக்கவில்லை. ஒருவர் ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்.

செய்து பார்த்திருக்கிறார். இந்தத் துணைவினைதான் நான் தேடியது. தமிழில் முயன்று அறிகிற எதற்கும் 'பார்' வந்து ஒட்டிக்கொள்கிறது: கடித்துப் பார், கேட்டுப் பார், போட்டுப் பார். கண்ணுக்கு வேலையே இல்லாத இடத்தில்கூட. அம்மா கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு "உப்புப் பாரு" என்பார், பார்ப்பது நாக்கு. வைத்தியர் நாடி பார்க்கிறார், பார்ப்பது விரல். லத்தீன் வேரில் இருக்கிற அதே பொருள், முயல்வதும் அனுபவிப்பதும் ஒன்றாக, நம் வாயில் இந்த ஒரு சின்ன வினையில் கிடக்கிறது. அதனால் பேச்சில் 'செய்து பார்த்த படம்' என்றால் போதும், யாருக்கும் விளக்க வேண்டாம்.

எழுத்துக்கு ஒரு கலைச்சொல் வேண்டுமே என்றால் தொல்காப்பியத்துக்குப் போகலாம். செய்யுள் இலக்கணம் சொல்லும் அதன் செய்யுளியலில் வனப்பு, அதாவது செய்யுளின் அழகு வகை, எட்டு. அதில் ஒன்று 'விருந்து': "விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே". முன்னால் இல்லாத மாதிரியில் புதிதாகக் கட்டிய செய்யுளுக்கு விருந்து என்று பேர். விருந்து என்றால் முதலில் புதுமை, அப்புறம்தான் புதிதாக வந்தவர், அதற்கும் அப்புறம்தான் இலையில் விழும் சாப்பாடு. வாசலில் வந்து நிற்கும் புது ஆளை உள்ளே கூப்பிடுகிற மனநிலை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் இன்றைக்கு 'விருந்துப் படம்' என்று போட்டால் எல்லாரும் பிரியாணியைத்தான் நினைப்பார்கள். எனவே அந்த நூற்பாவின் மற்ற இரண்டு சொற்களை எடுத்து, 'புதுப்புனைவுப் படம்' என்கிறேன்.

புனைவு என்றால் கட்டுக்கதைதானே என்று கேட்பீர்கள். அது இப்போதைய பொருள். பூத் தொடுப்பதும் அணிவதும் புனைதல், ஓவியம் தீட்டுவதும் புனைதல். நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்த அரசியை நக்கீரர் 'புனையா ஓவியம்' போல என்கிறார், வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரம் என்று. படத்தோடு அத்தனை பழைய உறவு உள்ள வினை இது. யாப்பை உடைத்துக்கொண்டு கவிதை வந்தபோதும் நம்மவர்கள் 'சோதனைக் கவிதை' என்ற பேரை நிலைக்க விடவில்லை. 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் வளர்ந்ததைப் புதுக்கவிதை என்றார்கள், 1962-இல் வந்த அதன் தொகுப்புக்குப் பேர் 'புதுக்குரல்கள்'. மார்க்கர் அந்தப் பெண்ணின் கண்ணைத் திறக்கவைத்த அதே வருடம்.

விளக்கோ லென்ஸோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் படப்பிடிப்பைச் 'சோதனைப் படப்பிடிப்பு' என்றே சொல்லலாம், அங்கே அது பொருத்தம்.

அடுத்த மாதத்துக்கு அழைப்பு எழுதிவிட்டேன். 'மாத்லைட், புதுப்புனைவுப் படம், சில நிமிடம், ஒலி இல்லை'. பெரியம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "விட்டில் றெக்கையா? நம்ம தெருவிளக்குக்கு அடியில காலையில கூட்டி அள்றோமே, அதா?" என்றார். அதேதான் என்றேன்.