கிருமிநாசினிப் பூச்சா, நுண்ணுயிர்த் தடுப்புப் பூச்சா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டருடன் இணைப்பதற்காக நோயாளியின் வாய்வழியே தொண்டைக்குள் செலுத்தும் பிளாஸ்டிக் குழாயின் மேல் வெள்ளி போன்றவற்றைப் பூசுவதுண்டு. அந்தப் பூச்சைக் 'கிருமிநாசினிப் பூச்சு' என்றே மருத்துவக் கட்டுரைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. இந்த ஆக்கம் தவறானது.

இதன் ஆங்கில மூலமான 'ஆன்டிமைக்ரோபியல்' என்பதில் உள்ளவை எதிர், சிறிய, உயிர் என்னும் பொருள் தரும் கிரேக்க உறுப்புகள். 'மைக்ரோப்' என்ற சொல்லை 1878-இல் முன்வைத்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செடியோ. 'நுண்ணுயிர்' அதற்கு நேரான தமிழ்; அதில் சிக்கலில்லை.

சிக்கல் 'நாசினி'யில் இருக்கிறது. வடமொழியில் கிருமி என்றால் புழு, நாசினி என்றால் அழிப்பது. இன்று தமிழர் வீட்டில் கிருமிநாசினி என்றால் பினாயில், பிளீச்சிங் பவுடர் கரைசல்: தரையில் ஊற்றித் துடைப்பவை, உடலுக்குள் போகக் கூடாதவை. அத்தகைய ஒன்றைத் தம் தந்தையின் தொண்டைக்குள் செலுத்தியிருப்பதாக வாசலில் காத்திருக்கும் மகன் எண்ணிக்கொள்ள இச்சொல்லே இடம் தருகிறது.

அச்சத்தைவிடப் பெரிய கேடு, இச்சொல் தரும் பொய்யான நம்பிக்கை. பாலிவினைல் குளோரைடால் ஆன குழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பிசினுக்குள் படலமாக வளர்கின்றன. படலம் பெயர்ந்து நுரையீரலுக்குள் இறங்கும்போது நிமோனியா வருகிறது. பூச்சிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும் வெள்ளி அயனிகள் அவற்றில் சிலவற்றைக் கொல்கின்றன, சிலவற்றின் பெருக்கத்தை நிறுத்துகின்றன, படலம் உருவாவதைத் தள்ளிப்போடுகின்றன. 2008-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், குழாய் 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்த நோயாளிகளில் சாதாரணக் குழாய் பெற்றோரில் 7.5 விழுக்காட்டினருக்கும் வெள்ளி பூசிய குழாய் பெற்றோரில் 4.8 விழுக்காட்டினருக்கும் இந்த நிமோனியா வந்தது. குறைந்ததேயன்றி ஒழியவில்லை, இறப்பு விகிதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதற்கு 'நாசினி' என்று பெயரிடுவது மிகைக்கூற்று. அந்தப் பெயரை நம்பிச் சளியை உறிஞ்சி எடுப்பதிலும் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதிலும் ஒருவர் அசட்டையாக இருந்தால், இழப்பு நோயாளிக்கே.

'நுண்ணுயிர் எதிர்ப்புப் பூச்சு' என்பாரும் உளர். அது நாசினியைவிட மேல். ஆயினும், மருந்துக்கு அடங்காமல் நுண்ணுயிர்கள் பெறும் தாங்குதிறனையும் நாளிதழ்கள் 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்றே எழுதுகின்றன. நுண்ணுயிரை எதிர்ப்பதா, நுண்ணுயிர் எதிர்ப்பதா என்று வாசகர் திகைக்கும்படி ஒரே தொடரை இரு எதிர்ப்பொருள்களுக்கு வழங்குவது பொறுப்பின்மை. 'நுண்ணுயிர்க்கொல்லி' கொல்வதை மட்டுமே குறிக்கிறது. கொல்லுதல், பெருக்கத்தை நிறுத்துதல் ஆகிய இரண்டையும் தழுவுவது 'தடுப்பு'. ஆகவே, 'நுண்ணுயிர்த் தடுப்புப் பூச்சு' என்பதே தகும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை ஒட்டவைப்பதை விட்டு, அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று ஒரு மருத்துவரையோ செவிலியரையோ கேட்டிருந்தால் இக்குழப்பமே நேர்ந்திராது. குழாயையும் 'மூச்சுக்குழாய்' என்றே எழுதிவிடுகிறார்கள். அது நம் உடலுறுப்பின் பெயர். 'மூச்சுக்குழாய்க்கு வெள்ளிப் பூச்சு' என்றால் நோயாளியின் உறுப்புக்கே பூசியதாகிவிடும். 'செயற்கைச் சுவாசக் குழாய்' என்று எழுதினால் உறுப்பு வேறு, கருவி வேறு என்பது விளங்கும்.