‘உள்ளடக்கிய திருச்சபை’ என்று எழுதலாமா?

ஆங்கிலத்தில் ‘இன்க்ளூசிவ்’ என்று கண்டதும் ‘உள்ளடக்கிய’ என்று எழுதிவிடும் பழக்கம் முதலில் திட்ட அறிக்கைகளில் வந்தது. ‘உள்ளடக்கிய வளர்ச்சி’ என்றார்கள், பிறகு ‘உள்ளடக்கிய கல்வி’ என்றார்கள். இப்போது அமெரிக்காவின் எபிஸ்கோபல் திருச்சபையைத் தமிழில் அறிமுகம் செய்பவர்களும் ‘உள்ளடக்கிய திருச்சபை’ என்கிறார்கள். முதல் தடவையாக அந்த வாசலுக்கு வருகிறவருக்கு இந்தச் சொல் எதையும் சொல்வதில்லை.

‘எபிஸ்கோபல்’ என்பதை விரைவில் முடித்துவிடலாம். ‘எபிஸ்கோப்பொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வை செய்பவர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமம் பிலிப்பியர் 1:1இல் ‘கண்காணிகள்’ என்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் இதே சொல்தான். பிஷப்பின் தலைமையில் இயங்குவது எபிஸ்கோபல் சபை. அதற்காக ‘ஆயர் திருச்சபை’ என்று பெயர்க்க வேண்டாம். கத்தோலிக்கருக்கு ஆயர் என்றால் பிஷப், சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில் ஊர்ச்சபையின் போதகரையே ஆயர் என்பார்கள், பிஷப்புக்குப் பேராயர் என்று தனிப்பெயர் உண்டு. 1789இல் அமைப்பு வடிவம் பெற்ற ஒரு சபையின் பெயர் இது. பெயரைப் பெயராகவே விடுவது நல்லது.

சிக்கல் ‘உள்ளடக்கிய’வில் இருக்கிறது. லத்தீன் மூலத்துக்கு ‘உள்ளே வைத்து அடைத்தல்’ என்று பொருள். ஆங்கிலம் அந்தப் பொருளைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் வேரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தமிழில் இது செயப்படுபொருள் கேட்கும் பெயரெச்சம். ‘பத்து அதிகாரங்களை உள்ளடக்கிய நூல்’ என்றால் சரி. ‘உள்ளடக்கிய திருச்சபை’ என்றால், எதை உள்ளடக்கியது? இறந்தகாலம் வேறு: அடக்கி முடித்தாகிவிட்டது, இனி வருகிறவருக்கு இடமில்லை என்ற தொனி. ‘அடக்கு’ என்ற சொல்லுக்குக் கலகத்தை அடக்குவது, வாயை அடக்குவது என்ற பொருள்களும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கிறிஸ்தவர் வீட்டுத் தமிழில் அடக்கம் என்றாலே கல்லறைதான். அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பழகிய காதில் இந்தப் பெயர் எப்படி விழும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்தச் சபை இந்தச் சொல்லால் என்ன குறிக்கிறது என்று பார்த்துவிட்டல்லவா பெயர்க்க வேண்டும்! 1976இல் அதன் பொதுப்பேரவை பெண்களும் குருவானவர் ஆகலாம் என்று சட்டம் இயற்றியது. அதே ஆண்டில், ஒருபாலீர்ப்பு உள்ளவர்களும் கடவுளின் பிள்ளைகள், சபையின் அன்பிலும் அக்கறையிலும் மற்றவர்களைப் போலவே முழு உரிமை உள்ளவர்கள் என்று தீர்மானித்தது. 1989இல் பார்பரா ஹாரிஸ் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். எபிஸ்கோபல் திருச்சபையும் சேர்ந்த, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த உலக ஆங்கிலிக்கன் சபைகளிலேயே முதல் பெண் பிஷப் அவர்தான். 2003இல் நியூ ஹாம்ப்ஷயருக்கு ஜீன் ராபின்சன், தன்பாலினத் துணையோடு வாழ்வதை மறைக்காமலே பிஷப்பானார். 2015இல் ஒரே பாலின இணையருக்கும் திருமணச் சடங்குமுறை வந்தது. ஆக, பெஞ்சில் இடம் கொடுப்பதோடு இது நிற்கவில்லை; பீடம்வரை போகிறது.

அதனால்தான் ‘வரவேற்கும் சபை’யும் போதாது. வாசலில் வரவேற்காத சபை எது? வரவேற்றுவிட்டுப் பொறுப்பு என்று வரும்போது ஒதுக்குவதுதான் பலருக்கு நேர்ந்த காயம். ‘அரவணைக்கும் சபை’ கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் அரவணைப்பவர் பெரியவர், அரவணைக்கப்படுபவர் எளியவர் என்றாகிவிடுகிறது. ‘ஒருங்கிணைந்த’ என்றால் பல சபைகள் சேர்ந்த ஒன்று என்று நினைப்பார்கள். அது 1947இல் பிறந்த சி.எஸ்.ஐ.க்குத்தான் பொருந்தும்.

என் தேர்வு ‘யாவரையும் ஏற்கும் சபை’. ஆளை ஏற்பதற்கும் பதவி ஏற்பதற்கும் தமிழில் ஒரே வினைதான். அந்தச் சபை சொல்ல வருவதன் இரண்டு பாதிகளும் அதில் இருக்கின்றன.

ஏற்பது என்றால் முறை எதுவும் கிடையாது என்று பொருளல்ல. அந்தச் சபையின் சட்டப்படி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே திருவிருந்து, அதாவது வழிபாட்டில் அப்பமும் ஒயினும் பெறும் நற்கருணை. எந்தச் சபையில் பெற்றிருந்தாலும் போதும். சில ஆலயங்களில் எல்லோரையுமே அழைப்பார்கள், ஆகவே அன்றைய வழிபாட்டுத் தாளைப் படித்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை விரித்து நீட்டினால் அப்பம் வைப்பார்கள். கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் உண்மையான ஒயின். வேண்டாமென்றால் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் முழுத் திருவிருந்துதான்.

திருவிருந்து பெறாமல் ஆசீர்வாதம் மட்டும் வேண்டுபவர் செய்ய வேண்டியதை ‘கைகளைக் கட்டிக்கொண்டு’ என்று பெயர்க்கிறார்கள். அதை நம்பி நம்மவர் பயபக்தியோடு கைகட்டி நின்றால், எதிரே நிற்கும் குருவானவருக்குக் குறிப்பு விளங்காமல் போகலாம். வலக்கை இடது தோளையும் இடக்கை வலது தோளையும் தொடும்படி மார்பின்மேல் குறுக்காக வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு வரி கூடினாலும் பரவாயில்லை.