அசேலியாவை எங்கே வெட்டுவது?

பனையின் குருத்தை வெட்டினால் மரம் செத்துவிடும் என்பது ராமநாதபுரம் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பனைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்று, அது உச்சியில். பக்கத்தில் கிளைக்க மொட்டு இல்லை, தண்டைப் பருக்கவைக்கும் கேம்பியம் என்ற உயிர்ப்படலமும் இல்லை. மண்டபத்திலிருந்து ராமேசுவரம் போகிற வழியில் தட்டையான தலையோடு நிற்கும் உடைமரத்தின் கதை வேறு. ஆடு கடித்தாலும் சரி, விறகுக்குக் கிளையை ஒடித்தாலும் சரி, இன்னொரு கணுவிலிருந்து தழைத்துக்கொள்ளும். கடலை ஒட்டிய செடிகளில் இதைவிட நுட்பமான வேலை நடக்கிறது. உப்புச் சாரல் காற்றடிக்கும் பக்கத்து மொட்டுகளைக் கருக்கிவிட, மறுபக்கத்து மொட்டுகள் மட்டும் வளர்ந்து செடி முழுவதும் ஒரு திசைக்குச் சாய்கிறது. மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் கலையில் ஜப்பானியர் ஃபுகினகாஷி என்று ஒரு பாணியே வைத்திருக்கிறார்கள். காற்று செய்யும் இதே வேலையை அங்கே கத்தரியும் கம்பியும் செய்கின்றன.

ஆக, ஒரு செடிக்கு உருக்கொடுப்பது என்றால் எந்த மொட்டு விழிக்கவேண்டும், எது தூங்கவேண்டும் என்று தீர்மானிப்பதுதான். போன்சாய்க்காக அசேலியா என்ற பூச்செடியை இளசாகக் கையில் எடுக்கும் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலான மரங்களுக்குச் சொல்லப்படும் விதி அசேலியாவில் தலைகீழாக இருக்கிறது.

முதலில் அந்தப் பொது விதி. கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது ஓடும்வரை கீழே உள்ள பக்கமொட்டுகள் எழுவதில்லை. 1933இல் கென்னத் திமானும் ஃபோல்கே ஸ்கூகும் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டுவாயில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் பக்கமொட்டுகள் தூங்கியே கிடந்தன. அதே சமயம் ஆக்சின் மட்டுமே முழுக்கதை இல்லை. நுனியை வெட்டிய பட்டாணிச் செடியில், ஆக்சின் குறைந்த சேதி கீழே வந்து சேருவதற்கு முன்பே பக்கமொட்டு வளரத் தொடங்கிவிடுவதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காரணம் சர்க்கரை. கண்மாய்ப் பாசனத்தில் தலைமடை வயல் குடித்த மிச்சம்தானே கடைமடைக்கு வரும்? நுனி அந்தத் தலைமடை வயல். அது போனதும் அதற்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை பக்கமொட்டுகளுக்குப் பாய்கிறது. அப்புறம் அவை எழாமல் என்ன செய்யும்?

ஆலோ அத்தியோ இந்த விதிப்படி நடக்கும். உச்சியை அடக்கினால் அடிக்கிளை பருக்கும். அசேலியா இயல்பில் மரம் அல்ல, புதர். மலைச்சரிவில் அடியிலிருந்து புதுத் தண்டுகளை விட்டுக்கொண்டே இருப்பது அதன் வாழ்முறை. அதன் பலம் அடியில் இருக்கிறது, உச்சி பலவீனமானது. பழக்கதோஷத்தில் உச்சியை ஒட்ட வெட்டி அடியைத் தொடாமல் விட்டால், சில ஆண்டுகளில் கீழ்க்கிளைகள் தண்டுக்குச் சமமாகத் தடித்துவிடும், உச்சி மெலிந்து காயும். அசேலியாவில் கீழே கடுமையாகவும் மேலே மென்மையாகவும் வெட்டவேண்டும். அடியில் முளைக்கும் தளிர்களைப் பார்த்தவுடன் கிள்ளி எறியவேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன்.

நாற்றுப்பண்ணையில் செடி வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்கவேண்டாம். இலை ஓரளவு சிறுக்கும், பூ அவ்வளவாகச் சிறுக்காது. கையளவு மரத்தில் உள்ளங்கை அகலப் பூ பொருந்தாது என்பதால் சிறிய இலை, சிறிய பூ உள்ள ரகமே நல்லது. ஜப்பானில் இதற்கென்றே பேணி வளர்த்தவை மே, ஜூன் மாதங்களில் பூக்கும் சாட்சுகி ரகங்கள். அடுத்து, மேல்மண்ணை விரலால் விலக்கித் தண்டு வேராக விரியும் இடத்தைத் தேடுங்கள். அது நாலாபக்கமும் பரவியிருந்தால் பிற்பாடு மரத்துக்கு வயதான தோற்றம் தானாக வரும். தொட்டியில் பெரும்பாலும் பல தண்டுகள் ஒன்றாக எழுந்திருக்கும். அடியில் பருத்து, மேலே போகப்போக மெலிந்து, கொஞ்சம் வளைந்தும் போகிற ஒன்றை மரத்தின் தண்டாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு எடுத்துவிடலாம். வெட்டுவாயில் காயத்துக்கான பசையைப் பூசுங்கள். அசேலியாவின் பட்டை மெல்லியது, காயம் ஆற நாளாகும், விட்டால் வெட்டிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும்.

கிளை இல்லாத இடத்தைப் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை. பழைய பட்டைக்கு அடியிலும் அசேலியா தூங்கும் மொட்டுகளை வைத்திருக்கிறது. ஆரோக்கியமான செடி இலையே இல்லாத கட்டையிலிருந்தும் தளிர்க்கும். புதியவர்களுக்கு இதைவிடத் தாராளமான செடி அதிகம் இல்லை. பூ உதிர்ந்ததும் ஒவ்வொரு நுனியிலும் நாலைந்து தளிர்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். பக்கவாட்டில் போகும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் முண்டாக வீங்கிவிடும். கவாத்துக்கும் அதுதான் நேரம். அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் அந்தக் கோடையிலேயே உருவாகிவிடுவதால், தாமதமாக வெட்டினால் வெட்டுவது பூவைத்தான்.

கம்பி கட்டும்போது பொறுமை வேண்டும். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள அலுமினியக் கம்பியை, சுமார் 45 டிகிரி சாய்வில் சுற்றி, மெதுவாக வளைக்கவேண்டும். அசேலியாவின் கட்டை முறுகலானது. கிளை தண்டோடு சேரும் கக்கத்தில்தான் பெரும்பாலும் பிளக்கும், அதனால் அங்கே ஒரு விரலை அண்டக் கொடுத்துக்கொள்ளுங்கள். வளைத்த கிளையை அப்படியே நிற்கவைப்பது கம்பி அல்ல. வளைந்த நிலையில் கேம்பியம் புதுக் கட்டையை அடுக்குகிறது, அதில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் ஏறி இறுகுகிறது. அந்தப் புதுக் கட்டைதான் வளைவைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்குச் சில மாதங்கள் ஆகும். கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். கொடைக்கானலிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ ஆசையாக வாங்கிவந்த அசேலியா இந்தக் கடற்கரையில் மஞ்சளாகிச் சாவது வெயிலால் மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி போர் தண்ணீர்.

அசேலியா ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்தது. நீலகிரியின் உயரத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு அதற்கு நெருங்கிய சொந்தம். மழை சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய்விட்ட புளித்த மலைமண்ணுக்குப் பழகிய கூட்டம் இது. புளிப்பை அளக்கும் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் இவற்றுக்குச் சுகம். நம் மண்ணோ சிப்பியும் பவளத்துகளும் கலந்த கடல்மணல், நிலத்தடி நீரில் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் உப்பும் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இந்தச் சுண்ணாம்புதான். இந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்றத் தொட்டிமண்ணின் பிஎச் ஏறுகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் பிஎச் ஒரு புள்ளி ஏறினால் கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு சுமார் 1000இல் ஒரு பங்காகிவிடும். மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. வேர் அமிலத்தைச் சுரந்து இரும்பைக் கரைக்கப் பார்க்கும், பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தின்றுவிடும்.

பச்சையத்தில் இரும்பு இல்லை. ஆனால் பச்சையத்தைத் தயாரிக்க இரும்பு வேண்டும். பழைய இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் எளிதில் புதிய இலைக்கு மாற்றமுடியாது என்பதால் கொழுந்துதான் முதலில் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். அடி இலை முதலில் மஞ்சளானால் அது வேறு குறை, பெரும்பாலும் தழைச்சத்து. இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் உப்பு. மூன்றும் மூன்று நோய். யூரியாவைப் போட்டு இரும்புக் குறையைத் தீர்க்கமுடியாது.

மருந்தாக, இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் இரும்புச் செலேட் கடைகளில் கிடைக்கும். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இடிடிஏ (EDTA) வகை பிஎச் 6.5க்கு மேல் இரும்பைக் கைவிட்டுவிடும், இடிடிஹெச்ஏ (EDDHA) வகை கார மண்ணிலும் தாங்கும். ஆனாலும் தண்ணீரை மாற்றாமல் மருந்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எலுமிச்சைச் சாறு பைகார்பனேட்டை முறிக்கும், உப்பை எடுக்காது. மொட்டைமாடியில் பிடித்த மழைநீர், உப்பேறாத ஊருணித் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஆகிய இவைதான் அசேலியாவுக்கு உதவும். தலைமுறை தலைமுறையாக ஊருணி வெட்டி நல்ல தண்ணீரைத் தனியாகக் காத்த ஊர் இது, ஒரு தொட்டிச் செடிக்கு மழைநீரைச் சேர்த்துவைப்பது நமக்குப் புதிதல்ல.

மண்கலவையிலும் இதே கணக்குதான். ஜப்பானியர் அசேலியாவுக்குக் கனுமா என்ற மஞ்சள் நிற நுரைக்கல்லைப் பயன்படுத்துகிறார்கள். அக்காகி எரிமலை உமிழ்ந்த அது நொய்வானது, அமிலத்தன்மை கொண்டது, ஈரத்தையும் காற்றையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும். அசேலியாவின் வேர் முடியைவிட மெல்லியது, மேல்மண்ணிலேயே பரவுவது, காய்ந்தாலும் சாகும், தண்ணீரில் ஊறிக்கிடந்தாலும் அழுகும். கனுமா கிடைக்காவிட்டால் தென்னைநார்த் துகளோடு பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகளும் மரப்பட்டைத் துண்டும் கலக்கலாம். தென்னைநார்த் துகளை மழைநீரில் பலமுறை அலசுங்கள், கடலோரத்து நார் பெரும்பாலும் உப்போடுதான் வரும். மானாமதுரை மண்தொட்டியின் சுவரில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வெந்துபோகும். மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்தால் உப்பு சேர்கிறது என்று பொருள். அடியில் வழிந்தோடும் அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடவேண்டும்.

காலை வெயில் போதும், மதியத்துக்கு மேல் நிழல்வலை வேண்டும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் சுவரோரமாக நகர்த்தி வையுங்கள். பூ உதிர்ந்ததும் வெட்டுவது என்பது பூக்கும் ஊர்களுக்கு; இந்தக் கரையில் வெட்டுவதும் தொட்டி மாற்றுவதும் வடகிழக்கு மழைக்குப் பின்னான குளுமையில்தான், அதுவும் ஒரே ஆண்டில் இரண்டையும் சேர்த்துச் செய்யாமல்.

இத்தனைக்குப் பிறகும் பூ வருமா? அநேகமாக வராது. இலை உதிர்க்காமல் என்றும் பசுமையாக நிற்கும் அசேலியாவின் பூமொட்டு விரிய, சுமார் 10 டிகிரிக்குக் கீழே சில வாரக் குளிர் வேண்டும். ராமேசுவரத்தில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மொட்டோடு வாங்கிவந்த செடி ஒருமுறை பூக்கும், அப்புறம் பச்சையாக நிற்கும். உருவத்துக்காகவே வளர்ப்பவருக்கு அது போதும். பூவும் வேண்டும் என்பவர் காகிதப்பூவை எடுத்துக்கொள்ளலாம். உப்புக்காற்றைத் தாங்கும், புதுத் தளிரிலேயே பூக்கும், கொஞ்சம் தண்ணீர் குறைத்தால் இன்னும் நன்றாகப் பூக்கும். ஆனால் அதன் பலம் நுனியில். உச்சியையும் நீண்டு ஓடும் கொப்புகளையும் கட்டையாக வெட்டுங்கள், அடிக்கிளை தண்டில் பாதித் தடிமனுக்கு வரும்வரை அதில் கத்தரி வைக்காதீர்கள்.