வெள்ளைப் பளிங்குக் கல்லறை ஏன் சீக்கிரம் அழிகிறது?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கிரேஃப்ரயர்ஸ் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜோசப் பிளாக் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கரியமில வாயுவைத் தனியான ஒரு வாயு என்று அடையாளம் கண்டவர் இவர். 1750களில் மெக்னீசிய உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் சுட்டும் அமிலம் ஊற்றியும் பார்த்து, அவற்றிலிருந்து கிளம்புவது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று இல்லை, உள்ளே கட்டுண்டு கிடந்த வேறொரு காற்று என்று காட்டினார். 1799இல் இறந்தார். பேர் பெற்ற பேராசிரியர் இல்லையா, அதனால் வெள்ளைப் பளிங்கில் பெரிய பலகையாகச் செதுக்கி, கனமான மணற்கல் சட்டத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தி வைத்தார்கள். 1880 வாக்கில் ஆர்ச்சிபால்ட் கெய்கி என்ற நிலவியல் அறிஞர் அதைப் போய்ப் பார்த்தபோது, எழுத்தில் ஒரு பகுதியைப் படிக்கவே முடியவில்லை. பலகை நடுவில் வயிறு தள்ளி விரிசல் விட்டிருந்தது. சுமார் எண்பது வருஷத்தில் இந்தக் கதி. அதை அரித்தவற்றில் ஒன்று, பிளாக் கண்டுபிடித்த அதே வாயு.

பளிங்கு என்பது பெரும்பாலும் கால்சைட் படிகங்கள்தான், அதாவது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான், பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து படிகம் பெரிதானால் பளிங்கு. மழைத்துளி கீழே வரும் வழியில் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது, அதனால் தொழிற்சாலைப் புகையே இல்லாத இடத்திலும் மழைநீரின் பிஎச் 5.6 அளவில், லேசான அமிலமாகத்தான் இருக்கும். அது கால்சைட்டில் பட்டால் கால்சியம் பைகார்பனேட் உருவாகிறது. இது தண்ணீரில் கரையும். ஆக ஒவ்வொரு மழைக்கும் கல்லின் மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத அளவில் வழிந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. சுண்ணாம்புப் பாறையில் குகை உண்டாவதும் இதே வேதியியலால்தான், கல்லறையில் அது பெயரை அழிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கரைவது மட்டும் என்றால் பலகை ஏன் வயிறு தள்ள வேண்டும்? கெய்கி எடின்பரோ கல்லறைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பளிங்கின் சாவை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் மேற்பரப்பு கரைகிறது, அப்புறம் உள்ளே படிகங்களின் பிடி தளர்கிறது, கடைசியில் பலகை வளைந்து உடைகிறது. இரண்டாம் கட்டத்தில் இருக்கும் கல்லை விரலால் தேய்த்தால் சர்க்கரை மாதிரி உதிரும். இதற்குப் பெரிய காரணம் கால்சைட்டின் ஒரு விசித்திர குணம். சூடாக்கினால் அந்தப் படிகம் ஒரு திசையில் விரியும், அதற்குக் குறுக்கான திசையில் கொஞ்சம் சுருங்கும். பளிங்குக்குள் கோடிக்கணக்கான படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, பகலில் வெயில் பட்டதும் ஒன்று பக்கத்திலிருப்பதைத் தள்ளுகிறது, இன்னொன்று விலகுகிறது, ராத்திரி குளிர்ந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்புவதில்லை. நுண்ணிய இடைவெளி விழுகிறது. அதில் தண்ணீர் இறங்குகிறது, குளிர் நாட்டில் அது உறைந்து இன்னும் அகட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பருத்து, நாலு பக்கமும் சட்டம் இறுக்கிப் பிடித்திருப்பதால் போக்கிடம் இல்லாமல் நடுவில் உப்புகிறது. நவீனக் கட்டடக்காரர்களும் இதில் நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிகாகோவில் ஒரு வானளாவிய கட்டடத்துக்கு 1970களில் இத்தாலியின் கராரா பளிங்கை மெல்லிய பலகைகளாக ஒட்டினார்கள், அவை வளையத் தொடங்கியதும், 1990களின் தொடக்கத்தில் சுமார் 43,000 பலகைகளையும் கழற்றிவிட்டு கிரானைட் போட வேண்டியதாயிற்று.

எடின்பரோவில் நிலக்கரிப் புகையும் சேர்ந்துகொண்டது. புகைக்கரி பிடித்த ஊர் என்றே அதற்குப் பட்டப்பெயர். நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, கால்சைட்டை ஜிப்சம் என்ற மென்மையான உப்பாக மாற்றிவிடும். மழை நேராக அடிக்கும் பக்கத்தில் இந்த ஜிப்சம் அவ்வப்போது கழுவப்பட்டுவிடுவதால் கல் வெள்ளையாகத்தான் தெரியும், எழுத்தின் விளிம்புகள் மட்டும் மழுங்கிக்கொண்டே போகும். மழை படாத மறைவில், மேல்விளிம்புக்கு அடியிலோ சிற்பத்தின் கழுத்து மடிப்பிலோ, ஜிப்சம் புகைக்கரியையும் பிடித்து வைத்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகத் தடிக்கும், பிறகு ஒருநாள் பட்டென்று செதிலாகப் பெயர்ந்து விழும்போது செதுக்கியதையும் கூடவே கொண்டுபோய்விடும். வெள்ளையாக இருக்கும் பக்கம் நன்றாக இருக்கிறது என்று நினைப்போம், உண்மையில் அதிகம் தேய்ந்தது அதுவாகவே இருக்கும்.

கல்லறைக் கல்லை நிலவியல்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் சோகமோ அமானுஷ்யமோ இல்லை. அதில் தேதி இருக்கிறது! மலையில் கிடக்கும் பாறை எத்தனை காலமாக மழையில் நனைகிறது என்று கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட வேண்டும், இங்கே யாரோ வருஷத்தை உளியால் வெட்டியே வைத்திருக்கிறார்கள். தேய்மானத்தை அளந்து வருஷத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஈய எழுத்து. பளிங்கில் எழுத்தின் வடிவத்தைக் குழிவாக வெட்டி, குழிக்குள் சின்னத் துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கி, மேலே கல்லோடு சமமாக வழித்துவிடுவது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த வழக்கம். வைத்த அன்று விரலை ஓட்டினால் எழுத்து தட்டாது. மழை பளிங்கைக் கரைக்கும், ஈயத்தை அவ்வளவாகத் தொடாது, அதனால் வருஷம் ஆக ஆகச் சுற்றியுள்ள கல் கீழே இறங்கி எழுத்து மட்டும் தூக்கி நிற்கும், நகத்தை வைத்தால் மாட்டும். அந்த உயரத்தை அளந்தால் போதும். நூறு வருஷக் கல்லில் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது என்றால், கல் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்திருக்கிறது என்று கணக்கு. எர்த்ட்ரெக் என்ற திட்டத்தில் பொதுமக்களையே பல நாடுகளில் இப்படி அளக்கச் சொன்னார்கள், பழைய மழையின் அமிலத்தன்மையையும் காற்றின் மாசையும் அதிலிருந்து ஊகிக்கலாம் என்பதற்காக. சிக்கலும் உண்டு: ஆள் இறந்த வருஷமும் கல் நட்ட வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மனைவி இறந்த பிறகு இருவருக்கும் சேர்த்து ஒரே கல் வைத்த குடும்பங்கள் ஏராளம்.

மற்ற கற்களின் கதை வேறு. ஸ்லேட்டில் கால்சைட் கிடையாது அல்லது மிகக் குறைவு, நெருக்கமான மெல்லிய கனிமங்கள், தண்ணீர் உள்ளே போகவே கஷ்டப்படும். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷைர் பக்கம் ஸ்விட்லாண்ட் ஸ்லேட்டில் 18ஆம் நூற்றாண்டில் வெட்டிய மெல்லிய கோடுகள்கூட இன்றும் கூர்மையாக இருக்கின்றன. ஏழை எளியவர்கள் வைத்த உள்ளூர் ஸ்லேட் நின்றுவிட, இத்தாலியிலிருந்து கப்பலில் வரவழைத்த பளிங்கு போய்விட்டது என்பதும் நடந்திருக்கிறது. மணற்கல் எப்படிப் போகும் என்பது அதை நட்டவர் கையில் இருக்கிறது. அது அடுக்கடுக்காகப் படிந்த கல், படிந்தபோது இருந்ததுபோலப் படுக்கையாக வைத்தால் நிற்கும், அடுக்கை நிமிர்த்தி எழுத்துப் பக்கமாக வைத்தால் தண்ணீரும் உப்பும் இடையில் புகுந்து, பெயர் இருந்த அடுக்கே முழுசாகக் கழன்று வரும்.

கல்லின் மேல் வட்டவட்டமாகப் பூக்கும் லைக்கன்களையும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) ஆய்வாளர்கள் விடவில்லை. நம் பிரியாணியில் போடும் கல்பாசியும் இந்தக் குடும்பம்தான். 1950 வாக்கில் ரோலண்ட் பெஷல் என்பவர் ஆஸ்திரியாவில், தேதி தெரிந்த கல்லறைகளில் லைக்கனின் விட்டத்தை அளந்து வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட்டார், பிறகு அதே அளவுகோலை வைத்து, பனியாறு பின்வாங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று மலைப்பாறைகளில் கணித்தார். சில வகை லைக்கன் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. கல்லறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அதைச் சுரண்டுபவர்கள் ஒரு நல்ல கடிகாரத்தைச் சுரண்டுகிறார்கள்.

சரி, பளிங்கை விட்ட உலகம் எங்கே போயிற்று? நம் பக்கம்தான். கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்திலிருந்து போகும் மெருகேற்றிய கறுப்பு கிரானைட் ஐரோப்பியக் கல்லறைகளில் நிற்கிறது. வியாபாரத்தில் கிரானைட் என்றாலும் கறுப்பு வகைகளில் பல உண்மையில் டோலரைட், கேப்ரோ போன்ற, பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு உறைந்து உண்டான வேறு பாறைகள். இதிலும் மழை வேலை செய்யாமலில்லை, அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறத்தான் செய்யும், ஆனால் மனித ஆயுளில் அது தெரியாது. முதலில் போவது எழுத்தில் பூசிய தங்கநிறப் பெயிண்ட்தான், அதை மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாட்களில் பளிங்கின் மேல் பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பளிச்சென்று வெள்ளையாகும், உண்மைதான், கறையோடு கல்லின் தோலும் போவதால் வரும் வெள்ளை அது. அப்போது பொங்கும் நுரை ஜோசப் பிளாக்கின் வாயுவேதான். வெறும் தண்ணீரும் மெதுவான பிரஷ்ஷும் போதும், கம்பி பிரஷ் வேண்டாம்.