கிளைட் ஆற்றின் சரிவில் எழுந்த ஊர்

ஸ்காட்லாந்தின் தென்பகுதி மலைகளில் பிறந்து கிளாஸ்கோ வழியாகக் கடலை அடையும் கிளைட் ஆறு, லானார்க் நகருக்கு அருகே குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து அருவிகளாக விழுகிறது. அவற்றுள் கோரா லின் ஏறத்தாழ 26 மீட்டர் உயரமுடையது. இதற்குச் சற்றுக் கீழே, ஆற்றங்கரையிலேயே நியூ லானார்க் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது.

ஓடும் நீரின் ஆற்றல், நொடிக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பதையும் அது எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதையும் பொறுத்தது. நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் ஒரு மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 9.8 கிலோவாட் திறன் பிறக்கும். சமவெளியில் பரந்து ஓடும் பேராற்றைவிட, நீர் குறைவாயினும் செங்குத்தாக இறங்கும் ஆறே ஆலைக்கு உகந்ததாக அமைவதுண்டு. இதை உணர்ந்தே கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல், நீரால் இயங்கும் நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட்டுடன் சேர்ந்து, 1785-இல் இங்கே பருத்தி நூற்பாலைகளைக் கட்டத் தொடங்கினார்.

ஆலைகளுக்கு மேலே ஆற்றிலிருந்து பிரித்தெடுத்த நீரை, பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வாய்க்காலுக்குக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் ஆலைகளை ஒட்டி ஏறத்தாழ மட்டமாகவே செல்ல, பக்கத்தில் ஆறோ தாழ்ந்துகொண்டே போகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடுதான் அந்த ஊரின் முதலீடு என்பேன். வாய்க்காலிலிருந்து விழுந்த நீர் பெருஞ்சக்கரங்களைச் சுழற்றிவிட்டு ஆற்றுக்கே திரும்பியது. மெதுவாகச் சுழலும் சக்கரத்தின் வேகத்தைப் பற்சக்கரங்கள் பெருக்க, அச்சுகளும் வார்ப்பட்டைகளும் அதை மாடிதோறும் இருந்த இயந்திரங்களுக்குக் கொண்டுசேர்த்தன. வேகம் ஏறி இறங்கினால் நூல் அறுந்துவிடும் என்பதால், வரும் நீரை மதகுகளால் அளந்து விடவேண்டியிருந்தது.

1800-இல் ஆலைகளின் நிர்வாகத்தை ஏற்ற சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன், 1816-இல் இங்கே குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஊரின் புகழுக்கு அவரே காரணம் என்றாலும், அந்தச் சீர்திருத்தங்களுக்கு வேண்டிய வருவாயை ஈட்டித் தந்ததில் கிளைட்டுக்கும் பெரும் பங்குண்டு.

நீர்ச்சக்கரங்களின் இடத்தைப் பின்னர் டர்பைன்கள் பிடித்தன. 1968-இல் ஆலைகள் மூடப்பட்டன. 2001-இல் ஊர் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. இன்றும் மூன்றாம் ஆலையில் உள்ள டர்பைன் அதே நீரால் சுழன்று, ஊருக்கு மின்சாரம் தருகிறது.

ஊருக்கு மேலே 1927 முதல் இயங்கும் பானிங்டன் நீர்மின் நிலையமோ, அருவிகளுக்கு முன்பே நீரைக் குழாய்களில் திருப்பி, கோரா லின்னுக்குக் கீழே ஆற்றில் விடுகிறது. எனவே வழக்கமான நாட்களில் அருவிகள் மெலிந்தே விழுகின்றன. பராமரிப்புக்காக நிலையம் நிறுத்தப்படும் சில நாட்களில் மட்டும் கிளைட் தன் பழைய பாதையில் முழு நீருடன் பாய்கிறது.