அடைத்திருக்கும்போது ஏன் கசிகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 26 வயது, ஆட்டிசம். சில மாதங்களாக உள்ளாடையில் கறை. வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், இன்னும் மோசமாகிவிட்டது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்கிறார் என் மாமியார். வேண்டுமென்றே செய்கிறானா?"

செய்வினை எடுப்பவருக்குக் கொடுக்கும் வெள்ளியை மிச்சம் பிடியுங்கள், அம்மா. தம்பி வேண்டுமென்றே செய்வதாகவும் தெரியவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மலச்சிக்கலைத்தான்.

பெருங்குடல் நீரை உறிஞ்சிவிட்டு மிச்சத்தை மலக்குடலுக்குத் தள்ளும். இது பள்ளியில் படித்ததுதான். அப்புறம் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மலக்குடலின் சுவர் விரிந்ததும், ஆசனவாயின் உள்தசை சில விநாடிகள் தானாகத் தளர்கிறது. சுவருக்குள் இருக்கும் நரம்புப் பின்னலே இதைப் பார்த்துக்கொள்கிறது, மூளையைக் கேட்பதில்லை. நம் கட்டுப்பாட்டில் உள்ள வெளித்தசை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த இடைவெளியில், வந்திருப்பதில் துளி ஒன்று கீழிறங்கி, நரம்புகள் நெருக்கமாக உள்ள மெல்லிய தோலைத் தொடுகிறது. காற்றா, நீரா, கட்டியா? இந்தச் சோதனை தினமும் பலமுறை நமக்குத் தெரியாமலே நடக்கிறது. ஃபெரியில் கூட்டத்துக்கு நடுவே காற்றை மட்டும் நைசாக விட முடிவது இதனால்தான்.

அந்தச் செய்தி மூளைக்குப் போய் 'போகணும்' என்ற உணர்வாக மாற வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு உடலின் உள்ளிருந்து வரும் இத்தகைய சேதிகள் மங்கலாகவோ தாமதமாகவோ எட்டுகின்றன; சிலருக்கு வலியாகவே வந்து விழுகின்றன. உணர்ந்தாலும், மால் டாய்லெட்டில் கை உலர்த்தும் மெஷினின் அலறலையும், முன்னால் போனவர் பைப்பால் நனைத்துவிட்டுப் போன இருக்கையையும் நினைத்து அடக்கிக்கொள்பவர்கள் உண்டு. ரொட்டி சானாயும் மைலோவும் தவிர வேறெதையும் தொடாதவர் என்றால் நார்ச்சத்தும் கிடைக்காது.

அடக்கினால் சுவர் நெகிழ்ந்து கொடுக்கும், உந்துதல் அடங்கிவிடும். தங்கிய மலம் இன்னும் காயும். மலக்குடல் அகன்றுபோய், அடுத்த சேதிக்கு அதைவிடப் பெரிய சுமை தேவைப்படும். கடைசியில் லோங்காங்கில் (சாக்கடையில்) கல் சிக்கினால் தண்ணீர் ஓரமாக வழிவதுபோல், மேலே உள்ள நீர்மலம் கட்டியைச் சுற்றிக் கசிகிறது. கறை அதுதான். இதற்குப் போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு கூடத்தானே செய்யும்?

நிறைந்த மலக்குடல் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையையும் அழுத்தும். அடிக்கடி ஒன்றுக்குப் போவதும் சொட்டுவதும் அதனாலும் வரலாம். ஆட்டிசத்தில் எரிச்சல், ஆவேசத்துக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோனும் மலச்சிக்கலையும் சிறுநீர்க் கசிவையும் உண்டாக்கக்கூடியது. ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆட்டிசம் ஆராய்ச்சிப் பணத்தில் பெரியவர்களுக்கென்று செலவாவது மிகக் குறைவு என்பது என் ஆதங்கம். 18 வயதானால் ஆட்டிசம் விடைபெற்றுப் போய்விடுமா என்ன?

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே வேகமெடுக்கும். அதனால் பசியாறி 20, 30 நிமிடத்தில், கால்களைச் சிறு முக்காலியில் உயர்த்தி அவரை உட்காரவையுங்கள்; குந்தினால் வழி நேராகும். மலத்தை இளக்கும் மருந்து எது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். அகன்ற மலக்குடல் பழையபடி சுருங்க மாதங்கள் ஆகலாம். கறை பட்ட நாட்களையும் அவர் எடுக்கும் எல்லா மருந்துகளையும் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். ரத்தம், வாந்தி, வயிறு உப்பிக் கடும் வலி, சிறுநீரே வராமை, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பேசாதவராக இருந்தால், திடீரென்று தன்னையே அடித்துக்கொள்வதும் வயிற்று வலியாக இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.